அஞ்சு நிமிசத்தின் அளவு

ஆங்கிலத்தில் யாராவது ‘ஃபைவ் மினிட்ஸ்’ என்று சொல்லக் கேட்டால் எதிர்வளவுக்காரர் தலை நிமிராமலே “இருவத்தஞ்சு” என்பார். ‘ஜஸ்ட் எ செக்கன்’ என்றால் நாலு நிமிடம். ‘இன் எ பிட்’ என்றால் குறைந்தது முக்கால் மணித்தியாலம். ‘லேட்டர்’ என்றால் இன்றைக்கு இல்லை. ‘சம்டைம் நெக்ஸ்ட் வீக்’ என்றால் அடுத்த வாரம் முழுவதையும் நாம் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘வன் ஒஃப் தீஸ் டேய்ஸ்’ என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். கடையில் அரிசி நிறுப்பவர் தராசைப் பார்த்துச் சொல்வதுபோல, கோபமும் சிரிப்பும் இல்லாமல் சொல்வார்.

படுவான்கரையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வளவில் நாலு வருடமும் இரண்டு மாதமும் இருந்தார். இப்போது வெல்லாவெளிப் பக்கம் தம்பி வீட்டில் இருப்பதாகக் கேள்வி. எங்கள் ஒழுங்கையில் இருந்த கடைசி வருடத்தில் அவர் இந்தக் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார். நிறுத்தியதற்குக் காரணம் என் அக்காவின் செத்தவீடு. அதைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கதைக்கிறார்கள். நான் அன்றன்று எழுதி வைப்பவள் என்பதால் என்னிடம் உள்ளதைச் சொல்கிறேன்.

வருவதற்கு முன் பதினெட்டு வருடம் இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டணத்தில் இருந்திருக்கிறார். அங்கே வாடகைக் கார் விடும் ஒரு கந்தோரில் போன் எடுக்கும் வேலை. கார் ஓட்டத் தெரியாது. கதவில்லாத ஒரு சின்ன அறை, இரண்டு போன், ஒரு வரைபடம், அவ்வளவுதான் என்று சொன்னார்.

“கார் எங்க எண்டு கேப்பாங்க தங்கச்சி. கார் அங்கால, பட்டணத்துக்கு மற்றப் பக்கத்துல ஆரையோ இறக்கிட்டு நிக்கும். நான் ‘ரவுண்ட் த கோர்னர், லவ்’ எண்டுவன். அந்த மூலையால திரும்பினா வந்திடும் கண்ணே எண்டு.”

“பொய்தானே அண்ணன்?”

“அவங்களுக்கும் தெரியும். கால் மணித்தியாலம் கழிச்சு இன்னொருக்கா எடுப்பாங்க. நான் ‘டூ மினிட்ஸ்’ எண்டுவன். ‘தாங்க்யூ’ எண்டு சொல்லி வைப்பாங்க. ஒரு நாள் உண்மையைச் சொன்னன், நாப்பது நிமிசம் ஆகும் எண்டு. அந்த மனுசி முதலாளிக்கு எழுதிப் போட்டுட்டா, நான் மரியாதையில்லாதவன் எண்டு.”

வேலியில் சரிந்திருந்த ஒரு கம்பை நிமிர்த்தினார். “அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம் எண்டு சொல்லியே பதினெட்டு வருசம் போச்சு” என்றார்.

எங்கள் ஒழுங்கையில் பதினாறு வீடுகள். அதில் ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். பிள்ளைகளுடைய பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வாய்க்கு வரும். ஆகவே அவருக்கு வேலை இருந்தது. பக்கத்து வீட்டுப் பரிமளம் ஒரு நாள் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி அவருடைய வாசல் படலைக்கு வந்தாள். கனடாவில் இருக்கும் பேத்தி ‘வன் செக்’ என்று சொல்லிவிட்டுத் திரையை விட்டு எழும்பிப் போய்விட்டாள். பரிமளத்துக்குக் கை வலிக்கிறது. போனை இறக்கினால் பிள்ளை வந்து பார்த்து ஏமாந்துபோகும் என்று பயம்.

“அண்ணன், ஒரு செக்கன் எண்டுதான் சொன்னாள்.”

“உலையை வைச்சிட்டு வா புள்ள” என்றார் அவர்.

“விளையாடாதீங்க.”

“நான் விளையாடல்ல. போனைச் செம்புல சாத்தி வை. உலை கொதிக்கக்குள்ள வருவாள்.”

அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு பரிமளம் அவருடைய கணக்கை வேதமாக எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்ததால் ஒழுங்கை எடுத்தது.

நான் வேலை செய்யும் பாடசாலைக்கு ஆங்கிலம் படிப்பிக்க மூன்று மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருந்தாள். நல்ல பிள்ளை. போகும் நாளில் கணிதம் படிப்பிக்கும் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ‘யூ மஸ்ட் கம் அண்ட் ஸ்டே வித் அஸ் சம்டைம்’ என்றாள். கட்டாயம் ஒரு காலம் வந்து எங்களோடு தங்கவேண்டும் என்று. டீச்சர் அடுத்த கிழமையே கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துவிட்டார். இதை நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் டீச்சர் வீட்டுக்கே நடந்து போனார். நானும் போனேன்.

“டீச்சர், அது கூப்பிட்டதில்ல.”

“கையைப் புடிச்சுச் சொன்னாவே.”

“நீங்க வீட்டால வெளிக்கிடக்குள்ள ‘போயிட்டு வாறன்’ எண்டு சொல்றீங்க. அதைக் கேட்டு ஆரும் உங்களுக்கு இரவைக்குச் சோறு ஆக்கி வைக்கிறாங்களா?”

டீச்சருக்கு முகம் கறுத்துவிட்டது. “அப்ப பொய்யா சொன்னா?”

“பொய்யில்ல. போற நேரத்துல மனசு தாங்காம வாற சொல்லு. எல்லாரும் சொல்றது. நாளையும் திகதியும் அதுல இல்ல.”

அன்று திரும்பி நடக்கும்போது நான் இதைப் பற்றி யோசித்தேன். எங்கள் மேசன் ‘நாளைக்கு விடிய வாறன்’ என்று சொன்னால் யாரும் படலையைத் திறந்து வைப்பதில்லை. ‘இந்தா வந்திட்டன்’ என்று போனில் சொல்பவர் இன்னும் குளிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாங்கள், அதே சொல்லை ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறோம். வெள்ளைக்காரருடைய நேரம் ரூல் கொப்பியில் கோடு போட்டது என்று எங்களுக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். அவருடைய கணக்கு அந்த நினைப்பைத்தான் உடைத்தது. அதனால் அது நல்லது என்றே நான் நம்பினேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்பதில்லை. போனை வாங்கி, ‘எப்போது வருகிறாய், எத்தனை மணிக்கு’ என்று அந்தப் பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்கலாம். அவருக்கு அழகான ஆங்கிலம் இருந்தது. நான் சொன்னபோது, “கேட்டா இன்னொரு அஞ்சு நிமிசம் தருவாங்க, அவ்வளவுதான்” என்றார். சொல்லைக் கேட்பார், அளவைச் சொல்வார். யார் சொன்னது என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

அக்காவுக்கு ஒரே மகன். சண்டைக்காலத்தில் ஏழு வயதில் பெரியப்பாவோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவன். தமிழில் ‘அம்மா’, ‘சின்னம்மா’, ‘சாப்பிட்டீங்களா’ என்ற மூன்றும் மிச்சம் இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பான். அக்காவுக்கு அவன் சொல்வது விளங்காது. குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எதிர்வளவுக்காரர் வந்தபிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு அவன், ‘ஐ வில் டெஃபினிட்லி கம் ஓவர் அட் சம் பொயின்ட் நெக்ஸ்ட் இயர்’ என்றான். அடுத்த வருடம் நிச்சயம் வருவேன் என்பது எனக்கே விளங்கியது. அக்கா அன்று பின்னேரமே முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடினாள். எதிர்வளவுக்காரர் எழும்பிப் போகாமல் அங்கேயே இருந்தார்.

“அக்கா, ‘அட் சம் பொயின்ட்’ எண்டு போட்டா வரமாட்டான்.”

“நிச்சயம் எண்டானே தம்பி.”

“நிச்சயம் எண்டு சேர்த்துச் சொல்றதே வராததுக்குத்தான்.”

அந்த வருடம் அவன் வரவில்லை. கணக்கு சரி. ஆனால் அக்கா ஒரு நாள் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தபோது அவரைப் பார்த்து, “நீ ஏன் எனக்குச் சொன்ன? சொல்லாம விட்டிருந்தா ஒரு வருசம் நான் சந்தோசமா இருந்திருப்பனே” என்றாள். அவர் சுளகைப் பார்த்துக்கொண்டு நின்றார். “காத்திருக்கிறவங்களைப் பாத்தா எனக்குத் தாங்காது அக்கா” என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அக்கா மார்கழி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தேகாலுக்குப் போனாள். நெஞ்சு நோகுது என்றாள், அரை மணித்தியாலம்கூட இல்லை. மகனுக்கு மாமா போன் எடுத்தார். மாமா எங்கள் அம்மாவின் தம்பி. செத்தவீட்டில் எல்லா முடிவும் அவருடையது. எதிர்வளவுக்காரர் பேசினார். மகன் அழுதான். பிறகு, ‘ஐ வில் கெட் தெயர் அஸ் சூன் அஸ் ஐ கான்’ என்றான். முடிந்தளவு கெதியில் வருகிறேன் என்று. வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குப் பிரேதம் எடுப்பது என்று அறிவிக்க ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ புறப்பட்டது.

எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். சுடலை வாவிக் கரையில் இருக்கிறது. மாரியில் வாவி ஏறினால் அந்த மணலில் இரண்டு முழம் தோண்டும்போதே தண்ணீர் ஊறும். அந்தக் கிழமை ஒரு நாளும் மழை விடவில்லை.

புதன் பின்னேரம் ஏழு நாற்பதுக்கு என் போனில் மகனிடமிருந்து ஒரு சிறு செய்தி வந்தது. ‘ஒன் மை வே’. மூன்றே சொல். வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நான் போனைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன். பரிமளம் வாசிக்கச் சொன்னாள். மாமா எதிர்வளவுக்காரரைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“இது இன்னம் வீட்டுக்குள்ள நிக்கிற ஆள் போடுறது” என்றார். “கந்தோருக்குப் பிந்தினவன் கட்டில்ல இருந்து போடுவான், ‘ஒன் மை வே’ எண்டு. டிக்கட் எடுத்தவன் எண்டா எத்தனை மணிப் பிளேன் எண்டு போட்டிருப்பான்.”

“தாய் செத்துக் கிடக்கக்குள்ள அப்பிடிப் போடுவானா?” என்று கேட்டேன்.

“ஆர் போட்டாலும் சொல்லு அதுதானே தங்கச்சி.”

வியாழன் காலை பதினொன்றுக்குக் குழி வெட்டப் போனவர்கள் இருவர் திரும்பி வந்தார்கள். முழங்காலுக்கு மேல் சேறு.

“நாலு மணிக்கு முந்தி வைச்சாத்தான் அண்ணன்” என்று ஒருவர் மாமாவிடம் சொன்னார். “மறுகா தண்ணிக்குள்ளதான் வைக்கணும். இப்பவே இறைச்சு இறைச்சுத்தான் வெட்டுறம்.”

“அதுக்குப் பிறகு மகன் வந்திட்டா?” என்று மாமா கேட்டார்.

“வாறான் எண்டு தெரிஞ்சாச் சொல்லுங்க. அங்கால மேட்டுல வேற குழி வெட்டுவம். அது கல்லு நிலம், பொழுது படும். வராதவனுக்கு எண்டு வெட்ட ஏலா.”

ஆக இரண்டு வழி இருந்தது. மேட்டில் வெட்டுவித்து இருட்டும்வரை வைத்திருக்கலாம். அல்லது மூன்று மணிக்கு எடுக்கலாம். நான் வைத்திருக்கச் சொன்னேன். மகனுக்குப் போன் எடுத்தேன். பன்னிரண்டு ஐந்துக்கு ஒருதரம், பன்னிரண்டு பத்துக்கு ஒருதரம். போன் நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு குரல் சொன்னது. எதிர்வளவுக்காரர் விரலில் எண்ணிப் பார்த்தார்.

“அங்க இப்ப விடிய ஆறே முக்கால். நித்திரை.”

மாமா “நீ இத்தனை நாளும் கணக்குப் பிழைச்சதில்ல” என்று அவரிடம் சொன்னார். எழும்பிப் போய்க் குழி வெட்டுபவர்களிடம் தலையை ஆட்டினார்.

மூன்று ஐந்துக்கு அக்காவைத் தூக்கினார்கள். நாலேகாலுக்கு ஆண்கள் திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவினார்கள். பெண்கள் வீட்டைக் கழுவி முடித்தோம்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஒழுங்கை முகப்பில், செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிய இடத்தில், ஒரு வாடகை வான் வந்து நின்றது. முதுகில் பையோடு ஒரு ஆள் இறங்கி மழையில் ஓடி வந்தான். படங்களில் பார்த்ததைவிட உயரம். வாசலில் செருப்பைக் கழற்றினான். மண்டபத்து நிலம் ஈரமாக இருந்தது. அக்காவைக் கிடத்தக் கட்டில் போட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“சின்னம்மா, அம்மா?” என்றான்.

“மனே” என்றேன். “மனே” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்தான்.

பிறகு வான் ஓட்டி வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. மகன் அந்தச் செய்தியைப் போட்டபோது இங்கிலாந்தில் பிளேனுக்குள் ஏறி இருந்திருக்கிறான். போனை நிறுத்தச் சொன்னபோது அவசரத்தில் அடித்த மூன்று சொல். வழியில் பிளேன் மாறி, காலை ஒன்பதரைக்குக் கட்டுநாயக்காவில் இறங்கியிருக்கிறான். போனில் சார்ஜ் இல்லை. எங்கள் இலக்கம் எல்லாம் அதற்குள்தான். வருகிறேன் என்று சொல்லியாயிற்று, அம்மாவை வைத்திருப்பார்கள் என்று வானுக்குள் இரண்டு தடவை சொன்னானாம்.

எதிர்வளவுக்காரர் சேர்ட் போடாமலே மழையில் வந்து வாசலில் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் உள்ளே வந்து அவனுக்கு முன்னால் குந்தி ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு எல்லாம் பிடிபடவில்லை. ‘இட் வோஸ் மீ’, நான்தான், என்று மூன்று தரம் சொன்னது மட்டும் கேட்டது. மாமாவையோ குழியில் ஊறிய தண்ணீரையோ அவர் கையால் காட்டவில்லை.

மகன் அவரை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டான்.

“சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம்” என்றார் அவர் எங்களிடம்.

“பொழுது படுது. எடுத்த அண்டைக்கே திரும்பிப் போற வழக்கமில்ல” என்றார் மாமா. “விடியப் போவம் எண்டு சொல்லு.”

அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. மகனுடைய கையைப் பிடித்து எழுப்பினார். அவர்கள் படலையைத் தாண்டும்போது நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பரிமளம் பின்னாலிருந்து, “எங்ககா போற?” என்று கத்தினாள். நான் திரும்பவில்லை.

வாவித் தண்ணீர் சுடலை வேலி வரைக்கும் வந்திருந்தது. அக்காவை வைத்த இடத்தில் மணல் இன்னும் கூம்பாகத்தான் இருந்தது. தலைப்பக்கம் மட்டும் மழை ஒரு சிறு வாய்க்கால் அறுத்திருந்தது. மகன் முழங்காலில் இருந்தான். அவன் சொன்னது எனக்கு விளங்கியது. பாடசாலையில் பிள்ளைகள் வகுப்பு வாசலில் நின்று சொல்வதுதான். ‘சொறி ஐ ஆம் லேட், அம்மா.’

நான் கேட்காமலே அவர் எனக்குத் தமிழில் சொன்னார். “பிந்திட்டன் எண்டு மன்னிப்புக் கேக்கிறான்.”

நான் குடையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“பிந்தினது அவனில்ல தங்கச்சி” என்றார். “நாங்கதான் முந்திட்டம்.”

மகன் திரும்பி, என்ன என்று கேட்பதுபோல அவரைப் பார்த்தான். அவர் அதையே ஆங்கிலத்தில் அவனுக்கும் சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று நினைக்கிறேன். அவ்வளவு சிறிய வசனமாகத்தான் இருந்தது. அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலையாட்டவும் இல்லை. மழை அறுத்த இடத்தை இரண்டு கையாலும் மணல் அள்ளி அடைக்கத் தொடங்கினான். அவர் மற்றப் பக்கம் போய் முழங்காலில் இருந்து, அவரும் அள்ளினார். அவர்கள் போடப் போட மழை கரைத்துக்கொண்டிருந்தது.

நான் குடையை இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. மணலுக்கு மேலே பிடித்தேன்.